குடும்பத்தின் இலக்கம்

பிரதேச செயலகம் ஒன்றின் விறாந்தையிலே ஒரு மூதாட்டி நிற்பதாக எண்ணிப் பார்க்கலாம். காலை ஏழு மணிக்கே வந்து வரிசையில் நின்றவர் அவர். கையில் ஒரு துணிப்பை. பையினுள் ஆண்டாண்டாகச் சேர்ந்த கடதாசிகள். அவருடைய முறை வந்ததும், மேசைக்கு அப்பாலிருக்கும் எழுதுவினைஞர் கேட்கும் முதற் கேள்வி, "இலக்கம் என்ன, அம்மா?" என்பதாகும். மூதாட்டி தம் பெயரைச் சொல்லுகிறார். கணவரின் பெயரையும், தாம் பிறந்த ஊரையும், வாழ்க்கைப்பட்ட ஊரையும் சொல்லுகிறார். கணவர் இறந்து எத்தனை ஆண்டாயிற்று என்பதையும் சொல்லுகிறார். எழுதுவினைஞர் கடுமையானவர் அல்லர். ஆயினும் அவர் முன்னிருக்கும் கணினிக்கு இவை எவையும் வேண்டியதில்லை. அது கேட்பது இலக்கத்தையே. இலக்கம் கிடையாதபடியால், "தேடி எடுத்துக்கொண்டு இன்னொரு நாள் வாருங்கள்" என்ற விடையோடு மூதாட்டி வீடு திரும்புகிறார். அந்த மாதம் அவர் வீட்டு உலையில் அரிசி குறைகிறது.

இம் மூதாட்டி எந்த ஊரிலும் இருக்கக்கூடியவர். உதவி பெறுவதற்கு உரித்துடையவராயிருந்தும், அவ்வுரித்தைத் திறக்கும் திறவுகோல் எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பதை அறியாதவர். உணவு உதவிக்குரிய அடையாள இலக்கம் எவ்வாறு தோன்றியது, அதனைத் தேடும் சுமை எவ்வாறு ஏழையின் தலையில் ஏறியது, இன்று ஒரு குடும்பம் அதனை எங்கெங்கே தேடலாம் என்பவற்றை எடுத்துக் கூறுவதே இப்பேச்சின் நோக்கம்.

உணவுக்கும் இலக்கத்துக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று உண்டானதன்று. பெருந்தொகையான மக்களுக்கு அளவறிந்து உணவளிக்க முற்படும் அரசாங்கம் எதுவாயினும், முதலில் அவர்களை எண்ணவேண்டும். எண்ணியபின், ஒருவரையே இருமுறை எண்ணாதிருக்க வழி தேடவேண்டும். பெயர் இதற்குப் போதாது. ஒரே கிராமத்தில் ஒரே பெயருடைய மூவர் இருத்தல் கூடும். இலக்கமோ ஒருவருக்கு ஒன்றேயாகும்.

இதனை நன்குணர்ந்து செயற்பட்ட நாடுகளுள் பிரித்தானியா ஒன்று. இரண்டாம் உலகப்போர் தொடங்கியவுடன், 1939ஆம் ஆண்டு செப்டெம்பர் 29ஆந் திகதி, அங்கு வீடு வீடாக மக்கள் பதியப்பட்டனர். ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டையும் இலக்கமும் வழங்கப்பட்டன. 1940 ஜனவரியில் உணவுப் பங்கீடு ஆரம்பமானபோது அப்பதிவே அதற்கு அடிப்படையாயிற்று. உணவோடு பிணைக்கப்பட்டமையால் மக்கள் தம் பதிவைப் பிழையின்றிப் பேணினர். வீடு மாறினால் தாமாகவே சென்று அறிவித்தனர். அடையாள அட்டை 1952இல் ஒழிக்கப்பட்டது. பங்கீடும் 1954இல் முடிவுற்றது. எனினும் அவ்விலக்கம் மறையவில்லை. தேசிய சுகாதார சேவையில் நோயாளரின் இலக்கமாக அது பின்னரும் நெடுங்காலம் பயன்பட்டது. உணவின் பொருட்டு இடப்பட்ட இலக்கம் எத்துணை ஆழமாக வேரூன்றும் என்பதற்கு இது தக்க சான்று.

இலங்கையிலும் போர்க்காலமே பங்கீட்டைக் கொணர்ந்தது. அக்காலத்தில் இத்தீவு மக்கள் உண்ட அரிசியிற் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. 1942இல் பர்மா யப்பானியர் கைப்பட்டதும் அவ்வரிசி நின்றது. அவ்வாண்டிலேயே அரிசிப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. முதியோர் இன்றும் மறவாத "கூப்பன் புத்தகம்" அப்போது வீடுகளுக்குள் புகுந்தது. குடும்பத்தில் எத்தனை உயிரோ அத்தனை புத்தகம். குழந்தைக்கும் ஒன்று, படுத்த படுக்கையாயிருந்த பாட்டனாருக்கும் ஒன்று. ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கம். சங்கக்கடையிலோ பதிவுபெற்ற வேறு கடையிலோ அவ்விலக்கம் ஏட்டிற் பதியப்பட்டிருக்கும். வாரந்தோறும் பையோடு சென்று, புத்தகத்தைக் கொடுத்து, உரிய கொத்து அரிசியை அளந்து பெறுவதே வழக்கமாயிற்று.

அக்காலத்து முறையில் ஒரு சிறப்பு உண்டு. இலக்கம் பெறுவதற்கு எவரும் தாம் ஏழை என்று காட்டவேண்டியிருக்கவில்லை. இத்தீவில் உயிரோடிருப்பதே போதுமான தகுதியாயிருந்தது. பிறந்தவரைப் பதியவேண்டும், இறந்தவரின் புத்தகத்தை ஒப்படைக்கவேண்டும், இவையே நிபந்தனை. புத்தகத்தை ஒப்படையாது இறந்தோர் பெயரால் அரிசி பெற்றவர்களும் இருந்தனர். கடைக்கடனுக்குப் பிணையாகப் புத்தகத்தையே கடைக்காரரிடம் விட்டுவைத்த குடும்பங்களும் இருந்தன. குறைகள் இல்லாதிருந்ததன்று. எனினும், "உன் இலக்கத்தைத் தேடிக்கொண்டு வா" என்று பசித்தவனைத் திருப்பியனுப்பும் நிலை பெரும்பாலும் இருந்ததில்லை. இலக்கம் அவன் வீட்டிலே, விளக்குமாடத்தருகே, கண்ணுக்கு முன்னே இருந்தது.

அப்பங்கீட்டின் வரலாறு நாட்டின் அரசியல் வரலாற்றோடு பின்னிக் கிடக்கின்றது. 1953 ஜூலையில் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஓகஸ்டு 12ஆந் திகதி நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்தது, உயிர்கள் பலியாயின, ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். மீண்டும் அவரே பிரதமராயிருந்த காலத்தில், 1966 டிசெம்பரில், ஆளுக்கு வாரத்துக்கு இரு கொத்தாக இருந்த பங்கீடு ஒரு கொத்தாகக் குறைக்கப்பட்டு, அவ்வொரு கொத்து இலவசமாக்கப்பட்டது. ஒரு கொத்து என்பது ஏறத்தாழ இரண்டு இறாத்தல். அந்த இரண்டு இறாத்தலின் பொருட்டு ஆட்சிகள் அசைந்தன என்றால், அது மக்களின் வாழ்வில் எவ்விடத்தைப் பெற்றிருந்தது என்பதை உணரலாம்.

பெரிய மாற்றம் 1978இல் வந்தது. மாத வருமானம் 300 ரூபாவுக்கு மேற்படாத குடும்பங்களுக்கு மட்டுமே பங்கீடு உரியதென வரையறுக்கப்பட்டது. மக்களுள் ஏறத்தாழ அரைப்பங்கினர் விலக்கப்பட்டனர். 1979 செப்டெம்பரில் பங்கீடு முற்றாக நீக்கப்பட்டு, அதன் இடத்தில் உணவு முத்திரைகள் வந்தன. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மாதம் 25 ரூபா, எட்டு முதல் பன்னிரண்டு வயதுவரை 20 ரூபா, அதற்கு மேற்பட்டோருக்கு 15 ரூபா என முத்திரைகள் வழங்கப்பட்டன. பொருள்களின் விலை ஏறியது. முத்திரையின் பெறுமதி ஏறவில்லை. அன்றியும், 1980இல் புதியோரைப் பதிவது நிறுத்தப்பட்டது. அதன்பின் பிறந்த குழந்தைக்கும், அதன்பின் ஏழையானவனுக்கும் கதவு அடைக்கப்பட்டது. இலக்கம் இல்லாதவன் பசித்தவனாயினும் பட்டியலில் இல்லாதவனே.

அன்று தொடங்கிய முறையே பல பெயர்களோடு தொடர்ந்து வந்தது. 1989இல் ஜனசவிய வந்தது. தெரிவு செய்யப்பட்ட குடும்பத்துக்கு இரண்டாண்டு காலம் மாதம் 2500 ரூபா என்பது அதன் திட்டம். 1995இல் சமுர்த்தி வந்தது. அதன் முத்திரைகளோடு சங்கக்கடைக்குச் சென்ற தலைமுறை இன்றும் உளது. 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தை அடியாகக் கொண்டு, 2023இல் அஸ்வெசும திட்டம் நடைமுறைக்கு வந்தது. குடும்பங்களின் நிலையை 22 அளவுகோல்களைக் கொண்டு மதிப்பிட்டு, அவற்றை நான்கு வகையாகப் பிரித்து, கொடுப்பனவை வங்கிக் கணக்கில் நேரே இடுவது அதன் முறை. அரிசியாக வந்த உதவி முத்திரையாகி, முத்திரை பணமாகி, பணம் இன்று கணக்கேட்டில் ஓர் எண்ணாக வந்து சேர்கின்றது.

இம்மாற்றங்களுக்கெல்லாம் காரணம் கூறுவோர் உளர். செல்வந்தருக்கும் ஏழைக்கும் ஒரே அளவில் அரிசி வழங்குவதை நாட்டின் திறைசேரி தாங்காது என்பது அவர் வாதம். அதில் நியாயம் இல்லையென்று கூறமுடியாது. எனினும் அதனோடு நேர்ந்த இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். முன்னர் இலக்கம் ஆளைத் தேடி வீட்டுக்கு வந்தது. இப்போது ஆள் இலக்கத்தைத் தேடிக் கந்தோருக்குச் செல்லவேண்டியுள்ளது. நிறுவும் பொறுப்பு அரசாங்கத்தின் தோளிலிருந்து ஏழையின் தோளுக்கு மாறிவிட்டது. எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்கும், பேருந்துக்குக் காசுள்ளவனுக்கும், ஒருநாள் கூலியை இழக்கக்கூடியவனுக்கும் அப்பொறுப்பு இலேசாக இருக்கும். மற்றவர்களுக்கு அஃது ஒரு மலை. ஆதலின், இலக்கத்தை அறிந்து வைத்திருத்தல் இன்று ஒரு வீட்டுக் கடமையாகிவிட்டது.

இனி, அவ்விலக்கத்தை எங்கே தேடுவது? ஒரு குடும்பம் அறிந்திருக்கவேண்டிய இலக்கங்கள் மூன்று. ஒன்று, ஒவ்வொருவருக்கும் உரிய தேசிய அடையாள அட்டை இலக்கம். இரண்டாவது, உதவித் திட்டத்தில் குடும்பத்துக்கு இடப்பட்ட பதிவிலக்கம். மூன்றாவது, பணம் வந்து சேரும் வங்கிக் கணக்கிலக்கம். இம்மூன்றையும் ஒன்றோடொன்று மயங்கவிடுவதே பெரும்பாலான அலைச்சலுக்குக் காரணம்.

இவற்றுள் அடிப்படையானது தேசிய அடையாள அட்டை இலக்கம். 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ் 1972 முதல் இவ்வட்டை வழங்கப்பட்டு வருகின்றது. இதன் அமைப்பை அறிந்துகொண்டால் பிழைகளை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். பழைய அட்டையில் ஒன்பது எண்களும் ஈற்றில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். அவ்வெழுத்து 'வீ' அல்லது 'எக்ஸ்' ஆகும். முதல் இரண்டு எண்களும் பிறந்த ஆண்டைக் குறிக்கும். அடுத்த மூன்று எண்களும் அவ்வாண்டில் எத்தனையாவது நாள் என்பதைக் குறிக்கும். பெண்களாயின் அதனோடு 500 கூட்டப்படும். உதாரணமாக, 1958ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதி அவ்வாண்டின் 32ஆவது நாள். அன்று பிறந்த ஆணின் இலக்கம் 58032 என்று தொடங்கும். பெண்ணின் இலக்கம் 58532 என்று தொடங்கும். ஆகவே, பழைய அட்டையில் மூன்றாவது எண் பெண்ணுக்கு ஐந்து முதல் எட்டு வரையும், ஆணுக்குப் பூச்சியம் முதல் மூன்று வரையும் அமையும். எழுதித் தந்த இலக்கத்தில் இது பொருந்தாதாயின், எங்கோ ஓர் எண் தவறியுள்ளது என்பது தெளிவு.

2016 தொடக்கம் வழங்கப்படும் புதிய இலக்கம் பன்னிரண்டு எண்களைக் கொண்டது, ஈற்றில் எழுத்தில்லை. பழைய இலக்கத்தின் முன்னே 19 என்பதைச் சேர்த்து, நாளைக் குறிக்கும் மூன்று எண்களின்பின் ஒரு பூச்சியத்தை இட்டு, ஈற்றெழுத்தை நீக்கினால் அதே ஆளின் புதிய வடிவம் கிடைக்கும். ஒரு கந்தோரில் பழைய வடிவமும் இன்னொரு கந்தோரில் புதிய வடிவமும் பதியப்பட்டிருந்தால், ஒருவரே இருவராகத் தோன்றுதல் கூடும். இரு வடிவங்களையும் ஒரே தாளில் எழுதிக் கொண்டுசென்று காட்டுதல் இக்குழப்பத்தைத் தீர்க்க உதவும்.

அட்டையே தொலைந்துவிட்டதாயின் இலக்கமும் தொலைந்துவிட்டதென்று மனந்தளர வேண்டியதில்லை. அட்டை ஒரு தாள். இலக்கமோ பல ஏடுகளில் வாழ்கின்றது. வங்கியிற் கணக்குத் திறந்தபோது அது எழுதப்பட்டிருக்கும். காணி உறுதியில் எழுதப்பட்டிருத்தல் கூடும். ஊழியர் சேமலாப நிதிக் கடிதத்திலும், சாரதி அனுமதிப்பத்திரத்திலும், கடவுச்சீட்டிலும் இருத்தல் கூடும். அவ்வாறு இலக்கத்தைக் கண்டபின், தொலைந்தமை பற்றிப் பொலிசு நிலையத்தில் முறைப்பாடு பதிந்து, அதன் பிரதியோடு கிராம உத்தியோகத்தரிடம் சென்றால், புதிய அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பிறப்பே பதியப்படாதவராயின், காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கோ உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ விண்ணப்பிக்க வழியுண்டு. அதற்கும் கிராம உத்தியோகத்தரும் பிரதேச செயலகமுமே வாயில்.

அடுத்தது குடும்பப் பதிவிலக்கம். இது விண்ணப்பம் செய்த வேளையில் இடப்படுவது. அஸ்வெசும திட்டத்துக்கு விண்ணப்பித்த குடும்பங்களுக்கு, 'கியூ ஆர்' எனப்படும் கறுப்பு வெள்ளைச் சதுரக் குறியும் வழங்கப்பட்டது. பார்வைக்குப் பயனற்ற கோலம்போலத் தோன்றுவதால் அச்சிறு தாளைப் பலர் எறிந்துவிட்டனர். அதனை எறிதல் ஆகாது. தாள் கிடையாதாயின், விண்ணப்பத்திற் பெயர் குறிக்கப்பட்ட குடும்பத் தலைவரின் அடையாள அட்டை இலக்கத்தைக் கொண்டு பிரதேச செயலகத்தில் அதனைத் தேடிப் பெறலாம். இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. குடும்பத் தலைவராகப் பதியப்பட்டவர் யார் என்பதை வீட்டிலுள்ள யாவரும் அறிந்திருத்தல் வேண்டும். தந்தையின் பெயரிற் பதிந்த குடும்பத்தை மகளின் இலக்கத்தைக் கொண்டு தேடுவதால் வீண்போகும் நாள்கள் பல.

மூன்றாவதாகிய வங்கிக் கணக்கிலக்கம் கணக்குப் புத்தகத்தின் முதற் பக்கத்தில் இருக்கும். இங்கே இலக்கத்தோடு பெயரும் ஒத்திருத்தல் அவசியம். தமிழ்ப் பெண்களுக்கு இதில் ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. பிறப்புச் சான்றிதழில் அவர் பெயரோடு தந்தையின் பெயர் நிற்கும். திருமணத்தின்பின் கணவரின் முதலெழுத்து வந்து சேரும். அடையாள அட்டையில் ஒன்றும் வங்கியில் மற்றொன்றும் ஆனால், பணம் வழியில் நின்றுவிடும். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே பெயர் மூவேறு எழுத்துக் கூட்டல்களைப் பெறுவதும் உண்டு. அடையாள அட்டையில் உள்ளவாறே எல்லா இடத்திலும் பெயரை எழுதுவித்தல் நன்று. முன்னரே வேறாக எழுதப்பட்டிருப்பின், அவ்விரு பெயரும் ஒருவரையே குறிக்குமென்று சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்ளலாம்.

தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் உரிய சத்துணவு உதவி வேறு வாயிலால் வருவது. 1973 முதல் வழங்கப்பட்டுவரும் திரிபோஷ மா சுகாதார நிலையங்களூடாகவே கிடைக்கின்றது. அதற்குரிய பதிவு, கருவுற்ற தாயின் பதிவேட்டிலும், குழந்தையின் சுகாதார விருத்திப் பதிவேட்டிலும் காணப்படும். ஒரு கிராமத்திலிருந்து இன்னொரு கிராமத்துக்குக் குடிபெயரும் தாய், அப்பதிவேடுகளைத் தவறாது எடுத்துச்சென்று, புதிய இடத்தின் குடும்பநல மருத்துவ மாதிடம் காட்டல் வேண்டும். பழைய இடத்துப் பட்டியலில் மட்டும் பெயர் இருக்குமாயின், புதிய இடத்தில் குழந்தைக்கு உணவு வராது.

இத்துணை வழிகளைச் சொல்லியபோதும், எல்லோருக்கும் இவை ஒரே வகையில் எட்டுவன அல்ல. மலையகத் தோட்டங்களிலே லயன் வரிசையில் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்குத் தனித்தனி முகவரி இல்லை. கடிதம் தோட்டக் கந்தோருக்கு வந்து அங்கேயே தங்கிவிடுவதுண்டு. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோரின் வழித்தோன்றல்கள் அவர்கள். 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தின் பின்னும் எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. பல தலைமுறையாகப் பத்திரங்கள் மறுக்கப்பட்ட மக்களிடம், "உன் பத்திரம் எங்கே?" என்று கேட்பதற்குமுன், கேட்பவர் அவ்வரலாற்றைச் சிறிது நினைத்துப் பார்த்தல் தகும்.

வடக்கிலும் கிழக்கிலும் போரினால் இடம்பெயர்ந்தோர், பாயையும் பானையையும் விட்டு ஓடியவேளையில் பத்திரங்களையும் விட்டே சென்றனர். 2004 டிசெம்பர் 26ஆந் திகதி எழுந்த கடற்கோள், கரையோரத்து வீடுகளோடு பெட்டகங்களையும் அள்ளிச் சென்றது. நடமாடும் சேவைகள் ஊருக்கு வந்து இழந்த பத்திரங்களை மீளப் பெற்றுக் கொடுத்தமை அக்காலத்திற் பெரும் உதவியாயிற்று. இன்றும் அத்தகைய சேவை நடைபெறும் நாளை அறிந்து செல்லுதல் பயன்தரும். ஆயினும் தனித்து வாழும் முதியவர் அந்நாளை எவ்வாறு அறிவார்? பக்கத்து வீட்டார் சொன்னாலன்றி அறியார்.

இவ்விடத்திலேதான் படித்தவர்களின் கடமை தொடங்குகின்றது. ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு பாடசாலை உண்டு. அதில் எழுதத் தெரிந்த பிள்ளைகள் உண்டு. தம் வீட்டாரின் இலக்கங்களை ஒரு தாளில் பிழையின்றி எழுதி வருமாறு ஆசிரியர் ஒருவர் தம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால், அஃது எந்தக் கணிதப் பயிற்சிக்கும் குறைந்ததன்று. எண்ணைப் பார்த்தெழுதி, மீண்டும் ஒருமுறை சரிபார்த்து, வீட்டில் மட்டும் வைத்துக்கொள்ளும் பழக்கம் அதனால் உண்டாகும். பாட்டியின் இலக்கத்தில் ஏன் 500 கூட்டப்பட்டுள்ளது என்று ஒரு பிள்ளை வீட்டில் விளக்குமாயின், அவ்விலக்கத்தை அவ்வீடு எளிதில் மறவாது.

எச்சரிக்கையாகச் சில சொல்லுதல் வேண்டும். இலக்கத்தை அறிந்திருத்தல் எவ்வளவு அவசியமோ, அதனைக் கண்டவருக்கெல்லாம் சொல்லாதிருத்தலும் அவ்வளவு அவசியம். தொலைபேசியில் அழைத்து, "உங்கள் கொடுப்பனவு வந்துள்ளது, வங்கியின் இரகசிய எண்ணைச் சொல்லுங்கள்" என்று கேட்பவர் உதவி செய்ய வந்தவர் அல்லர். கந்தோரில் இலக்கத்தைத் தேடித் தருவதாகக் கூறிப் பணம் கேட்கும் இடைத்தரகரையும் நம்புதல் கூடாது. அன்று கூப்பன் புத்தகத்தைக் கடையில் விட்டுவைத்தவர்களைப்போல, இன்று கடனுக்காக வங்கி அட்டையையும் அதன் இரகசிய எண்ணையும் பிறரிடம் ஒப்படைப்போர் தம் வீட்டுச் சோற்றையே அடகு வைப்பவராவர்.

வீட்டார் செய்யத்தக்கது எளிது. ஒரு பழைய அப்பியாசக் கொப்பியின் முதற் பக்கத்தில், குடும்பத்தவர் ஒவ்வொருவருடைய பெயரையும், அடையாள அட்டையில் உள்ள அதே எழுத்துக் கூட்டலில் எழுதவேண்டும். எதிரே அடையாள அட்டை இலக்கம்; கீழே குடும்பப் பதிவிலக்கம்; அதன்கீழ் வங்கியின் பெயரும் கணக்கிலக்கமும். இரகசிய எண்ணை அதில் எழுதலாகாது. கந்தோருக்குச் சென்ற நாள், சந்தித்த உத்தியோகத்தரின் பதவி, அவர் கூறிய விடை ஆகியவற்றையும் அதிலேயே குறித்துவரலாம். அப்பக்கத்தின் பிரதி ஒன்றை வேறூரில் வாழும் நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்து வைத்தால், வெள்ளம் வந்தாலும் தீப்பிடித்தாலும் இலக்கம் பிழைக்கும்.

உத்தியோகத்தர் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. இலக்கம் இன்றி வருபவரைத் திருப்பியனுப்புமுன், பெயரையும் முகவரியையும் பிறந்த திகதியையும் கொண்டு தம் ஏட்டில் ஒருமுறை தேடிப் பார்க்கலாம். தேடித் தருவதற்குச் சில நிமிடங்களே செல்லும். அவரைத் திருப்பியனுப்பினால் அவருக்கு ஒருநாட் கூலியும் பேருந்துக் கட்டணமும் செல்லும். ஏடு கந்தோரில் உள்ளது. ஏழையின் பையில் இல்லை. ஏடு யாரிடம் உள்ளதோ அவரே தேடுவது நியாயம்.

விறாந்தையில் நின்ற மூதாட்டி இன்னொரு நாள் வருவார். அன்று அவருடைய பையில் ஒரு கொப்பியும், அதன் முதற் பக்கத்தில் பேரப்பிள்ளையின் கையெழுத்தில் மூன்று இலக்கங்களும் இருக்குமாயின், "இலக்கம் என்ன, அம்மா?" என்ற கேள்விக்கு அவர் தலைகுனியவேண்டியதில்லை. கொப்பியைத் திறந்து மேசைமேல் வைப்பார். அதன்பின் அங்கு நடைபெறுவது இரத்தல் அன்று. தமக்கு உரியதைத் தாம் கேட்டுப் பெறுதலாகும்.